உங்கள் இடது பக்கத்தில் நின்றவன் எழுதுவது

அண்ணே,

இரும்புக் கவசம் போட்டு மோதும் புஹுர்ட் விளையாட்டில் நம் அணியை நான் விட்டு வந்து இந்த ஆடியோடு ஒரு வருஷம். லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். காலையில் குறுக்குத்துறைக்குப் போனேன். படித்துறைக்குப் பக்கத்தில் பையன்கள் கம்பு சுற்றிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் புது ஆள். சுவடு வைக்கச் சொல்லி, ஒரு பையனின் குதிகாலுக்குப் பின்னால் கம்பை நட்டுப் பிடித்தார். நீங்கள் எனக்குச் செய்தது அப்படியே. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த இரண்டாவது ரவுண்டைப் பற்றி நாம் இதுவரை பேசவில்லை. வேறு ஆட்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சிலம்பப் போட்டியில் கம்பு உடம்பைத் தொட்டால் பாயிண்ட். போலந்தில் நாம் ஆடிய புஹுர்ட்டில் அடிக்குக் கணக்கே கிடையாது. 30 கிலோ இரும்புக் கவசத்துக்குள் எத்தனை கோடாலி அடி வாங்கினாலும் நிற்கிறவரைக்கும் ஆட்டத்தில் இருக்கலாம். இரண்டு பாதம் போக மூன்றாவதாக முட்டியோ கையோ தரையில் பட்டால் ஆள் அவுட். 5 பேருக்கு 5 பேர் மோதும்போது, பக்கத்தில் யார் நிற்கிறான் என்பதுதான் எல்லாமே.

அன்று என் இடம் நடுவில். உங்களை இரண்டு பேர் வேலியோடு சேர்த்து நெருக்கினார்கள். தலைக்கவசத்தின் கண் இடுக்கு வழியாக உங்கள் முதுகுதான் தெரிந்தது. “ஏலே, வா!” என்றீர்கள். அந்தக் களத்தில் அந்தச் சொல் புரிந்தது எனக்கு மட்டும்தான். ஓடி வந்தேன். நடு திறந்துவிட்டது, நம் ஆட்கள் வரிசையாக மூன்று பேர் விழுந்தார்கள்.

இடத்தை விட்டது யார் என்று ஒருவர் கேட்டபோது நீங்கள் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். “நான்தான் கூப்பிட்டேன்” என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் ஐந்து மாதம் நான் மாற்று ஆளாகப் பெஞ்சில். கேட்டவர் யார், என்னவெல்லாம் சொன்னார் என்பதை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் இன்னும் அவரோடுதான் ஆடுகிறீர்கள்.

வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டுவிட்டு விலகியது தப்பு. நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் நேரில் வந்திருந்தால் தோளில் கை போட்டு “விடுலே” என்றிருப்பீர்கள், நானும் விட்டிருப்பேன். அதனால்தான் வரவில்லை.

இப்போது இருக்கும் அணி அதிகம் தோற்கிற அணி. கோப்பையைப் பார்த்துச் சேரவில்லை. பயிற்சி முடிந்து கவசம் கழற்றும் நேரத்தில் போய் நின்று பார்த்தேன். விழுந்தவனிடம் எப்படிப் பேசுகிறார்கள், புதிதாக வந்தவனுக்கு இரவல் கவசம் தருகிறார்களா, பெஞ்சில் இருப்பவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார்களா என்று. நாம் முதல் அணியைத் தேடியபோது இதையெல்லாம் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அண்ணே. மூத்தவர் நீங்கள்.

இடம் ஒதுக்கும் முன் அவர்கள் என்னிடம் கேட்டார்கள்: யார் பக்கத்தில் நின்றால் உனக்குப் பயமில்லை? அவர்களில் ஒருவரைச் சொல்லச் சொல்லித்தான் கேட்டார்கள். என் வாயில் உங்கள் பெயர்தான் வந்தது.

உங்கள் இடது கையின் இரும்புக் கையுறை என்னிடம்தான் இருக்கிறது. அறுந்த வாருக்குப் பதிலாக டவுனில் ஒரு செருப்புக் கடையில் புது வார் தைத்து வாங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் திரும்புகிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன்.