எழுதமாட்டேன் என்று அடம்பிடிக்கும் மகனின் அம்மாவுக்கு

அன்புள்ள தங்கச்சி,

மகனுக்கு எட்டு வயது, ஆங்கிலத்தில் வாய் ஓயாமல் கதைக்கிறான், பென்சிலைக் கையில் கொடுத்தால் மட்டும் தண்ணீர் விடாய்க்கிறது, வயிறு வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வீட்டிலேயே படிப்பிக்க நீங்கள் எடுத்த அமெரிக்கப் பாடத்திட்டம் தினமும் ஆங்கிலத்தில் ஒரு பந்தி கேட்கிறது, கொழும்பு வெள்ளவத்தை வீட்டு மேசையில் தினமும் ஒரு சண்டை. பந்தியை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள்.

பந்தி எழுதும் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் மூன்று வேலை. என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும், அதை ஆங்கில வசனமாக்க வேண்டும், எழுத்துக்கூட்டிக் கையால் எழுத வேண்டும். மூன்றாவது இன்னும் பழகாவிட்டால் மற்ற இரண்டும் பாதியில் நின்றுவிடும். நாம் சோம்பல் என்று திட்டுவது பெரும்பாலும் இதைத்தான். வீட்டுக் கல்விக்காரர்கள் இன்றும் பின்பற்றும் இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923), ஆறு வயதில் இருந்து பிள்ளைகளை வாயால் திருப்பிச் சொல்லவைத்தார். எழுத்தில் சொல்வதை ஒன்பது, பத்து வயதுவரை தள்ளிப்போட்டார். உங்கள் மகன் பிந்திப்போகவில்லை.

திங்கட்கிழமையைச் சொல்லுகிற நாளாக வையுங்கள். விடுமுறையை எப்படிக் கழித்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு எந்தப் பிள்ளையிடமும் உருப்படியான பதில் கிடையாது. காலி வீதிக் கடையில் கொத்து ரொட்டி எப்படிப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். தட்டில் முதலில் என்ன விழுந்தது? முட்டை எப்போது? ரொட்டி எப்போது? வரிசை தானாக வரும். அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். ஐந்து வசனம் தாராளம். இடையில் தமிழ் வந்தால் தமிழிலேயே எழுதிவிட்டு, முடிந்தபிறகு இருவருமாக ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். அவன் வசனத்தை அழகாக்கப் போகாதீர்கள். அது அம்மாவின் வசனம் என்று தெரிந்தால் அடுத்த கிழமை வாய் திறக்கமாட்டான்.

செவ்வாய், அந்த ஐந்தில் இரண்டைப் பார்த்து எழுதட்டும். பத்து நிமிடத்துக்குப் போனில் மணி வையுங்கள், அடித்ததும் பாதிச் சொல்லில் என்றாலும் நிறுத்துங்கள். "இன்னும் ஒரு வரிதானே" என்று நீட்டினால் மறுநாள் மணியை நம்பமாட்டான். ஒவ்வொரு எழுத்தாக அண்ணாந்து பார்த்து எழுதினால் சொல் மனதில் நிற்காது. முழுச் சொல்லையும் பார்த்து, கையால் மறைத்து, எழுதி, பிறகு ஒப்பிடட்டும்.

புதன், அதே இரண்டு வசனமும் சொல்வதெழுதுதல். மூன்று நான்கு சொல்லாக, ஒரு தடவை மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லாகத் திருப்பித் திருப்பிச் சொன்னால் வசனத்தை மனதில் தாங்கிப் பிடிக்கப் பழகமாட்டான். பிழைத்த சொல்லைத் துண்டுக் கடதாசி ஒட்டி மூடி, அதன்மேல் சரியாக எழுதவையுங்கள். சிவப்புப் பேனையால் சுழித்தால் கொப்பியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பிழைதான் கண்ணில் படும்.

தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையின் பிழைகள் அநேகமாக முன்கூட்டியே தெரிந்தவை. ஆங்கிலத்தின் 'கப்பிட்டல்' போன்ற பெரிய எழுத்து தமிழில் இல்லை, ஆகவே வசனத் தொடக்கத்தில் மறந்துபோகும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'த', 'ஏ' என்ற குட்டிச் சொற்கள் விழுந்துபோகும். வினை வசனத்தின் கடைசிக்கு ஓடும். புத்தகப் பைக்கும் முதுகுக்கும் ஆங்கிலத்தில் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பேக்', ஆகவே கடைசி எழுத்து மாறும். தொண்டையில் விரல் வைத்து இரண்டையும் சொல்லவையுங்கள், பைக்குரிய சொல்லின் முடிவில் அதிர்வு தெரியும். எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்தாதீர்கள், கிழமைக்கு ஒரு வகைப் பிழை போதும். வினை ஓடுவதற்கு வியாழக்கிழமை விளையாட்டு ஒன்று: காகம், வடை, தூக்கியது மூன்றையும் ஆங்கிலத்தில் தனித்தனித் துண்டுகளில் எழுதி, 'தூக்கியது' நடுவில் வரும்படி அடுக்கவையுங்கள். வெள்ளி ஒன்றும் வேண்டாம்.

சாப்பாட்டு மேசை எட்டு வயதுக்கு உயரம் அதிகம். கால் தொங்கினால் உடம்பு சாயும், பாரம் எழுதும் கைக்கு வரும், விரல் களைக்கும். காலுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூலும் கதிரையில் ஒரு தலையணையும் வைத்து, முழங்கை மேசை மட்டத்துக்கு வரச் செய்யுங்கள். எச்பியை விட 2பி பென்சில் மென்மை, அழுத்தத் தேவையில்லை. கூரில் இருந்து இரண்டு மூன்று சென்டிமீற்றர் மேலே பிடிக்கட்டும். நமது வெக்கையில் கை வியர்த்துத் தாளில் ஒட்டும், எழுத்தும் அப்பும். மடித்த கடதாசி ஒன்றைக் கைக்கு அடியில் வையுங்கள்.

அமெரிக்கப் புத்தகம் நிறம் என்ற சொல்லை 'யு' இல்லாமல் எழுதும், இங்கே 'யு' உண்டு. பிரித்தானிய எழுத்துக்கூட்டலையே பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம்.

மூன்று மாதம் இப்படிச் செய்தும் ஆங்கிலச் சின்ன எழுத்து 'பி'யும் 'டி'யும் கண்ணாடியில் பார்த்ததுபோல மாறினால், பார்த்து எழுதும்போதே வரியைத் தவறவிட்டால், கொப்பியை மூடிவைத்துவிட்டு முதலில் கண் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். கண் சரி என்றால், வாசிப்பு, எழுத்துச் சிக்கல்களைச் சோதிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா