டீசலை மிச்சம் பிடி என்கிறோம், எப்படி என்று சொல்லித் தருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தாழையூத்தில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. ஆனால் டிரிப் முடிந்ததும் டிரைவர் கொண்டுவரும் டீசல் பில், டோல் ரசீது, எடைமேடைச் சீட்டு, அபராதச் சலான், பேட்டா கணக்கு எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். அந்தக் காகிதங்களைப் பார்த்துப் பார்த்து மனதில் பட்டதைத்தான் எழுதுகிறேன். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் சரக்கு லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒழுங்கான பயிற்சி வகுப்பு வேண்டும். டீசல் சிக்கனம், சட்டம், பாதுகாப்பு மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாகச் சொல்லித் தர வேண்டும்.

ஏன் பிரிக்கக் கூடாது என்பதற்குப் புளியரையே சாட்சி. இங்கிருந்து கொல்லத்துக்குப் போகிற லாரி ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை தாண்டிப் புளியரையில் மலை ஏறுகிறது. அங்கே எஸ் வளைவில் ஒரு வண்டி நின்றுவிட்டால் என்ன பாடு என்பது அந்த வழியே போனவர்களுக்குத் தெரியும். கோட்டைவாசல் தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை வரை இறக்கம். திரும்பி வரும்போது அதே எஸ் வளைவு நமக்கு இறக்கமாகிவிடும். இந்த இறக்கங்களில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருட்டிவிடுகிற பழக்கம் பல டிரைவர்களிடம் இருக்கிறது. சிலர் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். "ஏன் அண்ணாச்சி இப்படிச் செய்யுதீங்க?" என்று வயதில் மூத்த டிரைவர் ஒருவரிடம் கேட்டேன். "நியூட்ரல்ல விட்டாத்தான தாயி மைலேஜ் வரும். மைலேஜ் வந்தாத்தான முதலாளி காசு தருவாரு" என்றார்.

முதலாளி காசு தருவது உண்மை. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வந்தால் இவ்வளவு ஊக்கத்தொகை, குறைந்தால் பேட்டாவில் பிடித்தம் என்று பல ஆபீஸ்களில் நடக்கிறது. ஆனால் நியூட்ரலில் விட்டால் மைலேஜ் வரும் என்பது சரியில்லை. இப்போதைய டீசல் இன்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் வந்தால் டீசல் தெளிப்பதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருப்பதற்காகவே டீசல் எரிந்துகொண்டிருக்கும். அதாவது கியரில் இறங்குவதில்தான் மிச்சம். அப்புறம், நியூட்ரலில் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் டிரம் சூடேறி லைனிங் பிடிப்பை இழக்கும். இன்ஜினை அணைத்தால் பிரேக்குக்குக் காற்று கொடுக்கிற ஏர் கம்ப்ரஸரும் நின்றுவிடும். மிதிக்க மிதிக்க டேங்கில் உள்ள காற்று குறையும், ஸ்டியரிங்கும் கல்லாய்க் கனக்கும். ஊக்கத்தொகைக்கு ஆசைப்பட்டு, ஒரு சொட்டு டீசல்கூட மிச்சமாகாத காரியத்துக்கு உயிரைப் பணயம் வைக்கிறார்கள். இதை அவர்களுக்கு யாராவது உட்காரவைத்துச் சொன்னார்களா? எனக்குத் தெரிந்து இல்லை.

முன்பு கிளீனர் என்று ஒருவர் கூடப் போவார். டயரைத் தட்டிப் பார்ப்பது, ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரை வடிப்பது, இறக்கத்தில் எந்த இடத்தில் எந்த கியர் என்று பக்கத்திலிருந்தே பார்ப்பது என வருஷக்கணக்கில் பழகித்தான் டிரைவர் ஆவார். அதில் தவறான பாடங்களும் இருந்தன, ஆனாலும் அது ஒரு படிப்பு. இன்று கிளீனர் வேலைக்கு ஆள் வருவதில்லை, பல லாரிகளில் டிரைவர் தனியாகத்தான் போகிறார். கார் உரிமம் வாங்கி ஒரு வருஷம் ஆகி, 20 வயதும் நிரம்பியிருந்தால் கனரக உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வில் தேறியதும் முதல் டிரிப்பே புளியரையாக இருக்கலாம்.

அரசுப் பேருந்துப் பணிமனைகளில் நிலைமை வேறு. அங்கே டிரைவர் ஒவ்வொருவரின் டீசல் கணக்கையும் பார்க்கிறார்கள், மைலேஜ் குறைவாக எடுக்கிறவருக்குப் பயிற்றுநர் சொல்லித் தருகிறார். லாரிக்காரர்களுக்கும் அதுதான் வேண்டும். இன்ஜின் சுற்றுகிற வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டரில் பச்சைப் பட்டைக்குள் முள் நிற்கும்படி கியர் மாற்றுவது, முன்னால் போகிற வண்டியைப் பார்த்து முன்கூட்டியே காலை எடுப்பது, டயரில் சரியான காற்று, நிற்கும்போது இன்ஜினை அணைப்பது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் எரிபொருள் நன்றாக மிச்சமாகும் என்று பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. நான்கு வழிச்சாலையில் போகிற எத்தனை பேர் காதுக்கு அது எட்டியது?

ஒரு கணக்கு சொல்கிறேன். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிற லாரி நாலரை கொடுத்தால் 1,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டருக்குப் பதில் 222 லிட்டர் போதும். 28 லிட்டர் மிச்சம். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 2,500 ரூபாய்க்கு மேல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது, ஆக அதுவும் 70 கிலோவுக்கு மேல் குறையும். எங்கள் கணக்கில் நான் கவனித்தது இன்னொன்று: நல்ல மைலேஜ் எடுக்கிற நிதானமான டிரைவரின் வண்டிக்குத்தான் பிரேக் லைனிங் செலவும் டயர் செலவும் குறைவு. அபராதச் சலானும் அவர் பெயரில் அநேகமாக வராது.

சட்டத்துக்கு வருகிறேன். பத்துச் சக்கர லாரிக்கு வண்டி எடையோடு சேர்த்து 28.5 டன் வரை அனுமதி. 2018-க்கு முன்பு 25 டன்னாக இருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருப்பதுதான் அந்த வண்டிக்குக் கணக்கு என்பதுகூடப் பல டிரைவர்களுக்குத் தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ம் பிரிவுப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். 3 டன் கூடினால் 26,000. ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்டச் சொல்கிறவரும் அந்தப் பிரிவில் மாட்டுவார். இது டிரைவருக்குத் தெரிந்தால்தான், "எடைமேடையில ஏத்திட்டுத்தான் கிளம்புவேன்" என்று முதலாளியிடமும் லோடு ஏற்றுகிறவரிடமும் துணிந்து சொல்ல முடியும்.

வேலை நேரமும் அப்படித்தான். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு என்று சொன்னது. என் மேஜைக்கு வரும் டிரிப் சீட்டில் சாயங்காலம் லோடு, விடியலில் கொல்லம், இறக்கியதும் திரும்பி வந்து மறுபடி லோடு என்று இருக்கிறது. தூக்கம் எங்கே என்று தேடிப் பார்க்கிறேன், அதற்கு அந்தச் சீட்டில் இடமே இல்லை.

பாதுகாப்பு என்றால் விபத்து மட்டும் இல்லை. வழியில் நின்று டீ குடிக்கும்போது, "இந்த மூட்டையைப் புனலூர்ல இறக்கிருங்க அண்ணாச்சி" என்று யாரோ ஐந்நூறு ரூபாயை நீட்டுவார்கள். உள்ளே ரேஷன் அரிசியோ கஞ்சாவோ இருந்தால் டிரைவர் ஜெயிலுக்கு, லாரி பறிமுதலுக்கு. பில் இல்லாத எதையும் ஏற்றாதே என்பதை வகுப்பில் முதல் நாளே சொல்ல வேண்டும். இரவில் நான்கு வழிச்சாலை ஓரத்தில் விளக்கில்லாமல் நிறுத்தித் தூங்குவது இன்னொன்று. டீசல் திருட்டு போகிறது, தார்ப்பாயைக் கிழித்துச் சரக்கை எடுக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் மேல் பின்னால் வருகிற கார்க்காரர் மோதிச் சாகிறார். வெளிச்சமும் காவலும் கழிப்பறையும் உள்ள லாரி நிறுத்தம் கங்கைகொண்டான் பக்கத்திலும் வள்ளியூர் பக்கத்திலும் இருந்தால் அவர்கள் ஏன் ரோட்டோரம் படுக்கப் போகிறார்கள்?

விபத்து நடந்ததும் ஓடிவிடுகிறார்கள் என்று டிரைவர்களைத் திட்டுகிறோம். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பது, போலீஸில் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்வது டிரைவரின் கடமை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ம் பிரிவு. கூட்டம் அடிக்க வந்தால் உதவ முடியாமல் போகும் என்பதையும் அதே சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அப்போது நேராகக் காவல் நிலையத்துக்குப் போகலாம், 108-க்குச் சொல்லலாம். பயத்தில் ஓடுகிறவருக்கு இது தெரிந்திருந்தால் சிலராவது நின்றிருப்பார்கள், சில உயிர்களாவது பிழைத்திருக்கும்.

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் கொண்டாடுகிறோம். கண் பரிசோதனை முகாமும் உறுதிமொழியும் நல்லதுதான். ஆனால் காலை பதினோரு மணிக்கு மண்டபத்தில் நடக்கிற கூட்டத்துக்கு, ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவர் எப்படி வருவார்? பெட்ரோல், கேஸ் மாதிரி அபாயகரமான சரக்கு ஏற்றுகிற டிரைவர்களுக்கு 3 நாள் வகுப்பு கட்டாயம், உரிமம் புதுப்பிக்கும்போது ஒரு நாள் மறுபயிற்சியும் உண்டு. சாதாரண சரக்கு லாரி உரிமத்தை 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கிறார்களே, அப்போது இவர்களுக்கும் அந்த ஒரு நாள் வகுப்பை வையுங்கள் என்று அரசைக் கேட்கிறேன். கும்மிடிப்பூண்டியிலும் நாமக்கல்லிலும் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. பேட்டாவை நம்பிப் பிழைக்கிறவர் அவ்வளவு தூரம் போய்த் தங்கிப் படிக்க முடியாது, வகுப்புதான் இங்கே வர வேண்டும். ஓய்வு பெற்ற அரசுப் பேருந்துப் பயிற்றுநர்கள் பாளையங்கோட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு மதிப்பூதியம் கொடுத்து, மாடல் இன்ஜினைக் காட்டிவிட்டு, டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து புளியரை வரை ஒரு தடவை போய் வரச் சொல்லுங்கள்.

குட்டியானை ஓட்டுகிறவர்களை விட்டுவிடாதீர்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்திலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து விடியற்காலையில் காய்கறியோடு பறக்கிற பையன்களில் பலர் கையில் இருப்பது அந்த உரிமம்தான்.

முதலாளிமார்களுக்கும் ஒரு அரை நாள் வகுப்பு வேண்டும். ஊக்கத்தொகையை மைலேஜுக்கு மட்டும் கொடுக்காமல், விபத்தும் அபராதமும் இல்லாத மாதத்துக்கும் சேர்த்துக் கொடுக்கும்படி அவர்களிடம் பேச வேண்டும். வகுப்புக்கு வருகிற நாளுக்கு டிரைவருக்குப் பேட்டா பிடிக்கக் கூடாது. நாள் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்பேன். பெரும்பாலான வண்டிகள் அப்போதுதான் திங்கட்கிழமை லோடுக்காக ஆபீஸ் வாசலில் நிற்கும், டிரைவர்களும் தூங்கி எழுந்திருப்பார்கள்.

இப்படிக்கு,
லாரி ஆபீஸ் கணக்கு எழுதும் வாசகி,
தாழையூத்து, திருநெல்வேலி மாவட்டம்