ஆடி மாதத்துக்கு முன்னால் கணப்பை மாட்டிவிடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. லவுஞ்சுக்கு வாங்கலாம் என்று நீ அனுப்பிய மூன்று கணப்புப் படங்களையும் அம்மாவும் நானும் பார்த்தோம். அம்மாவுக்கு அந்த நீளமான கறுப்புக் கண்ணாடி வைத்தது பிடித்துப்போயிற்று. "சினிமாவில் வருகிற வீடு மாதிரி இருக்கும்" என்கிறாள். எனக்கு அழகைப் பற்றிக் கவலை இல்லை. அந்த மூன்றில் எது உங்கள் சுவருக்கும் உங்கள் வயரிங்குக்கும் தவழ ஆரம்பித்திருக்கிற பேத்திக்கும் ஒத்துவரும் என்பதுதான் கவலை. போனில் பேச ஆரம்பித்தால் நடுவில் குழந்தை அழும், நீயும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

டர்பனில் இருந்துகொண்டு இவர் குளிரைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிரிக்காதே. இங்கே சாட்ஸ்வர்த் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றும்போது தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம்; அப்போதுகூட எங்களுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். நீங்கள் இருக்கிற ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில். பகலில் வெயில் அடிக்கும், பொழுது சாய்ந்ததும் தரை சில்லிட்டுப் போகும். 2023 ஜூலை 10ஆம் தேதி ஜோஹன்னஸ்பர்க்கில் பனி கொட்டியதை டிவியில் பார்த்தோமே. இருந்தும் அங்கே வீடு கட்டுகிறவர்கள் வருஷம் முழுக்கக் கோடைதான் என்கிற நினைப்பிலேயே கட்டுகிறார்கள். கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். சீலிங்குக்கு மேலே ஒன்றும் விரித்திருக்க மாட்டார்கள்.

அதனால் கணப்புக்குப் பணம் கட்டும் முன்னால் மாப்பிள்ளையை ஏணி போட்டு ஏறி, சீலிங் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கச் சொல். மேலே கம்பளம் மாதிரி கனமாக இன்சுலேஷன் விரித்திருந்தால் நல்லது. வெறும் தூசியும் பல்லிப் புழுக்கையும்தான் இருக்கிறது என்றால் முதல் செலவு அங்கேதான். நீ எவ்வளவு விலை கொடுத்து என்ன வாங்கி மாட்டினாலும் அந்தச் சூடு முழுவதும் கூரையைச் சூடாக்கத்தான் போகும்.

இப்போது உன் படங்களுக்கு வருகிறேன். முதல் படம், நீ ஆசையாக "இதற்கு வயரும் வேண்டாம், புகைபோக்கியும் வேண்டாம்" என்று எழுதியிருந்தாயே, அந்த எத்தனால் கணப்பு. அது வேண்டாம். பயமுறுத்தச் சொல்லவில்லை. ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால் ஏறக்குறைய 6 யூனிட் கரண்டு கொடுக்கிற சூடு வரும். அந்தக் கணக்கில் குறை ஒன்றும் இல்லை. சிக்கல் எரிபொருளை ஊற்றுவதில்தான். பகல் வெளிச்சத்தில் எத்தனால் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து, சூடான பர்னரில் மறுபடியும் ஊற்றுகிறவர்கள்தான் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். திறந்த தீ, பக்கத்தில் எரிபொருள் கேன், தரையில் எதைக் கண்டாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிற ஒரு குழந்தை. இந்த மூன்றும் ஒரே அறையில் இருக்கக் கூடாது.

இரண்டாவது கேஸ். மாப்பிள்ளைக்கு இதில்தான் மனசு என்று தெரியும். லோட்ஷெட்டிங் என்கிற மின்வெட்டில் பட்ட அவஸ்தை யாருக்கும் மறக்காது. கரண்டு போனாலும் எரியும் என்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கேஸ் கணப்பில் இரண்டு ஜாதி உண்டு. எரிந்த காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளுவது ஒன்று, எல்லாவற்றையும் அறைக்குள்ளேயே விடுவது இன்னொன்று. கடையில் விலை குறைவாகத் தெரிவது பெரும்பாலும் இரண்டாவதுதான். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேலே தண்ணீர் ஆவியாக வரும். "ஜோபர்க் குளிர் வறண்ட குளிர்தானே மாமா, ஈரம் வந்தால் நல்லதுதானே" என்று மாப்பிள்ளை கேட்பார். ஈரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனும் நீங்கள் மூச்சு விடுகிற காற்றிலிருந்துதான் போகிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், திறந்தால் குளிர் உள்ளே வரும். பாதி ராத்திரியில் குளிர் தாங்காமல் யாராவது எழுந்து அதைச் சாத்திவிடுவார்கள். மனிதர்கள் அப்படித்தான். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இம்பாவுலா என்கிற தகரக் கரியடுப்பில் கரி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வருகிறது, பார்க்கிறாய் அல்லவா. அவர்களைக் கொல்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

ஆகவே கேஸ் என்றால் வெளிக்காற்றை இழுத்து வெளியிலேயே விடுகிற, முன்னால் கண்ணாடி மூடிய வகைதான். அதற்கு வெளிச்சுவரில் ஓட்டை போட வேண்டும். இங்கேதான் உங்கள் காம்ப்ளெக்ஸ் குறுக்கே வருகிறது. செக்‌ஷனல் டைட்டில் என்கிற, காம்ப்ளெக்ஸ் வீடுகளுக்கான சட்டப்படி சுவரின் நடுக்கோடு வரைக்கும்தான் உங்களுடையது. அதற்கு அப்பால் எல்லாருக்கும் பொது. பாடி கார்ப்பரேட் என்கிற வீட்டு உரிமையாளர் சங்கம் எழுத்தில் சம்மதம் தராமல் வெளிச்சுவரைத் தொட முடியாது. சிலிண்டர் வைக்க இடமும் வேண்டும். கதவு, ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர், சாக்கடை மூடியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் பள்ளம் பார்த்துத்தான் இறங்கும், அதனால்தான் இந்தக் கணக்கு. உன் பின்முற்றத்தை நான் பார்த்திருக்கிறேன். துணிக்கொடி, குப்பைத் தொட்டி, கிச்சன் ஜன்னல், அதற்குக் கீழேயே சாக்கடை மூடி. எங்கே நிறுத்துவாய்?

செலவையும் சொல்லிவிடுகிறேன். 6 கிலோவாட் கணப்பை முழுசாக ஏற்றி வைத்தால் 9 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய இருபது மணி நேரம் வரும். தினம் நான்கு மணி நேரம் என்றால் ஐந்தாறு நாளில் சிலிண்டரை பக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். சொந்த வீடு, பெரிய முற்றம், 48 கிலோ சிலிண்டர் இரண்டு வைக்க இடம் என்றால் நானே கேஸ் போடு என்பேன்.

உங்களுக்கு மூன்றாவதுதான் சரி, சுவரில் மாட்டுகிற எலக்ட்ரிக் கணப்பு. அம்மாவுக்குப் பிடித்த அதே கறுப்புக் கண்ணாடி. ஆனால் ஏமாறாமல் வாங்க வேண்டும். அந்தத் தீ வெறும் எல்இடி விளக்கு. அதற்கு ஒரு பல்பு அளவுக்கு கரண்டு போதும். சூடு கொடுப்பது உள்ளே இருக்கிற கம்பிச்சுருளும் ஃபேனும்தான். 2 கிலோவாட் என்று எழுதியிருந்தால், விலை என்னவாக இருந்தாலும் சூடு அதே 2 கிலோவாட்தான், மூலையில் வைக்கிற சாதாரண ஆயில் ஹீட்டர் கொடுப்பதைவிட ஒரு துளி கூடுதல் இல்லை. நீ கூடுதலாகக் கொடுக்கிற பணம் கண்ணுக்கு. அதுவும் தப்பில்லை, சாயங்காலம் வேலை முடிந்து வந்து உட்கார்கிறவளுக்கு அது வேண்டியிருக்கலாம். "குறைந்த கரண்டில் வீடு முழுக்கச் சூடு" என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போ.

உன் லவுஞ்ச் இருபது சதுர மீட்டர் இருக்கும். கதவைச் சாத்தினால் 2 கிலோவாட் போதும். கிச்சன் பக்கம் கதவே இல்லாமல் திறந்து கிடக்கிறதே, அங்கே ஒரு கனமான திரை போடு. நான்கு மணி நேரம் ஓடினால் 8 யூனிட். ப்ரீபெய்ட் ஸ்லிப்பைப் பார்த்து ரேண்டில் எவ்வளவு என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். தெர்மோஸ்டாட்டும் டைமரும் இருக்கிறதா என்று கேள். ஃபேன் சத்தத்தைக் கடையிலேயே போட்டுக் கேட்டுப் பார், சில மாடல்கள் இரைகிற இரைச்சலில் குழந்தை தூங்காது.

அடுத்தது வயரிங். அப்பாவின் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்.

2 கிலோவாட் என்றால் ஏறக்குறைய 9 ஆம்பியர் மணிக்கணக்கில் நிற்காமல் இழுக்கும். கெட்டிலும் அவ்வளவு இழுக்கும், ஆனால் அது மூன்று நிமிஷத்தில் நின்றுவிடும். நம் தெருவில் ஒரு வீட்டில் ஹீட்டரை மல்டிபிளக்கில் செருகி, அதே பிளக்கில் டிவியையும் டீகோடரையும் செருகியிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டது "எங்கிருந்தோ மீன் வாடை வருகிறது அண்ணா" என்று. போய்ப் பார்த்தால் மல்டிபிளக்கின் ஒரு ஓட்டை மட்டும் டீ நிறத்துக்குப் பழுத்து, பிளாஸ்டிக் உள்பக்கம் குழிந்து, பிளக்கின் பித்தளைக் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சூடேறிய பிளக்கு அப்படித்தான் மீன் வாடை அடிக்கும். சைவம் சாப்பிடுகிற புரட்டாசி மாதம் என்பதால்தான் அந்த வீட்டுக்காரம்மாவுக்கு உடனே தெரிந்தது! வேறு மாதமாக இருந்தால் அடுப்பிலிருந்து வருகிறது என்று விட்டிருப்பார்கள்.

ஆகவே மல்டிபிளக்கும் கிடையாது, எக்ஸ்டென்ஷனும் கிடையாது. பிரேக்கர்கள் இருக்கிற டிபி போர்டிலிருந்து கணப்புக்கென்றே தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், தனி 20 ஆம்பியர் பிரேக்கர், கரண்டு கசிந்தால் தானே அணைகிற எர்த் லீக்கேஜ் சுவிட்சுக்குக் கீழே. பிளக் பாயிண்ட் கணப்பின் முதுகுக்குப் பின்னால் வரக் கூடாது, ஒரு பக்கமாகத் தள்ளி, கை எட்டுகிற இடத்தில் வர வேண்டும். இதைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்து, வேலை முடிந்ததும் வயரிங் விதிப்படி இருக்கிறது என்கிற கம்ப்ளையன்ஸ் சர்டிஃபிகேட் எழுதித் தர வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். வீட்டை விற்கும்போதும் கேட்பார்கள்.

இன்னொன்று. லோட்ஷெட்டிங் நாளில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் போட்டீர்களே, கணப்பை அந்தப் பக்கம் இணைக்க விடாதே. 5 கிலோவாட்-மணி பேட்டரியை அது இரண்டரை மணி நேரத்துக்குள் உறிஞ்சிவிடும், அப்புறம் விளக்கும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. "எசென்ஷியல் லோடில், அதாவது பேட்டரியில் ஓடுகிற பக்கத்தில், சேர்க்காதீர்கள்" என்று எலக்ட்ரீஷியனிடம் வாய்விட்டுச் சொல். சொல்லாவிட்டால் கிட்டத்தில் இருக்கிற வயரில் கோத்துவிட்டுப் போய்விடுவார்கள். கரண்டு போகிற ராத்திரிக்குக் கம்பளியும் சுடுதண்ணீர்ப் பையும் இருக்கவே இருக்கிறது.

சுவர் விஷயம். நீ காட்டிய உள்சுவர் ஒற்றைச் செங்கல்தான், பூச்சோடு சேர்த்தாலும் அதிக கனம் கிடையாது. அதைக் குடைந்து உள்ளே பதிக்கிற மாடல் வேண்டவே வேண்டாம், மேலே மாட்டுகிறதை வாங்கு. கணப்பு இருபது முப்பது கிலோ இருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பார். கெட்டியாகக் கேட்டால் செங்கல், டொக் டொக் என்று கேட்டால் ஜிப்சம் பலகை. அப்படியும் சந்தேகம் என்றால் மறைவாக ஒரு சின்ன ஓட்டை போட்டு வருகிற தூளைப் பார்க்கலாம். பூச்சைத் தாண்டியதும் சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வந்து, டிரில் திடீரென்று உள்ளே விழுந்தால் பொள்ளல் பிளாக், அதற்கு வேறு வகை ஆணி வேண்டும். சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயோ நேர் கீழேயோ டிரில் வைக்கக் கூடாது, வயர் அந்த வழியாகத்தான் ஓடும்.

டிவியைக் கணப்புக்கு மேலே மாட்டலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். கழுத்தும் வலிக்கும், டிவிக்கும் சூடு ஆகாது. டிவி இருந்த சுவரிலேயே இருக்கட்டும். உயரத்தைப் பொறுத்தவரை, எலக்ட்ரிக்கில் கண்ணாடி பெரிதாகச் சுடாது, காற்று வெளிவருகிற கம்பி வரிசைதான் சுடும். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, குழந்தை எழுந்து நின்றாலும் கை எட்டாத உயரத்தில் மாட்டச் சொல். சோபாவில் உட்கார்ந்து பார்க்கக் கொஞ்சம் மேலே தெரியும், போகட்டும், இரண்டு வருஷம் கழித்துக் கீழே இறக்கிக்கொள்ளலாம். திரைச்சீலையும் சோபாவும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

ஜூன் பிறந்தால் எலக்ட்ரீஷியன் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். ஆடிக்கு முன்னால் வேலை முடிந்துவிட வேண்டும், கூழுக்கு இங்கே வரும்போது இந்தப் பேச்சே இருக்கக் கூடாது. இந்த சனிக்கிழமை டிபி போர்டின் மூடியைத் திறந்து பிரேக்கர் எழுத்து தெரிகிற மாதிரி ஒரு படம், சுவரின் நீளம், உயரம், பிளக் எங்கே இருக்கிறது என்று ஒரு கோட்டுப் படம், இரண்டையும் அனுப்பு. திருகாணி எதையும் கழற்றாதே, வெளிமூடி மட்டும் போதும். எலக்ட்ரீஷியன் கொட்டேஷன் கொடுத்ததும் அதையும் அனுப்பு, கையெழுத்துப் போடும் முன்னால் நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேத்திக்கு முத்தம்.

அன்புடன்,
அப்பா