முன்வரிசைப் பெருமை

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லூர்த் திருவிழாவுக்குப் புலம்பெயர் உறவுகள் வந்திறங்கும் காலம் இது. கலியாண வீடுகளில் இப்போது பேச்சே யார் எந்த வகுப்பில் பறந்து வந்தார்கள் என்பதுதான். "எக்கொனமியில சனம் எப்பிடித்தான் கால மடக்கிக்கொண்டு இருக்குதோ" என்று பந்தியில் ஒருவர் சலித்துக்கொண்டார். பக்கத்தில் சோறு பிசைந்துகொண்டிருந்த அவருடைய தமக்கை அதே விமானத்தின் பின்வரிசையில் வந்தவர்!

இத்தனைக்கும் ஸ்ரீலங்கன் விமானங்களில் முதல் வகுப்பே கிடையாது. பிஸ்னஸ் வகுப்போடு சரி. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு வரும் ஏ.டி.ஆர். 72 என்ற சிறிய விமானத்தில் அதுவும் இல்லை. அதில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு வால்பக்கம். முன்புறம் சாமான் அறை. அடம்பிடித்து முன்வரிசை வாங்கியவர் கடைசியாகத்தான் பலாலி மண்ணை மிதிப்பார்.

முழங்கால் நோவுள்ள முதியவர் காசு கொடுத்துப் படுத்துக்கொண்டு வருவதை நான் குறை சொல்லவில்லை. லண்டன், ரொறன்ரோவிலிருந்து வருவதென்றால் அது தேவைதான். விமானப் பணிப்பெண்ணை விரல் சொடுக்கிக் கூப்பிட்டதை வீரக்கதையாகச் சொல்வதைத்தான் கேட்க முடியவில்லை. அதுவும் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

வாசகர்,
கோண்டாவில்.