பழைய காருக்கு டிஆர்எல் மாட்டுறவங்க கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம். பழைய கார் வச்சிருக்கவங்க நிறைய பேர் இப்ப முன்னாடி பம்பர்ல டிஆர்எல் லைட், அதாவது பகல்ல வண்டி ஓடும்போது முன்னாடி எரியுற லைட், வாங்கி மாட்டுறாங்க, நானும் என்னோட 15 வருஷ காருக்கு மாட்டினேன், அதுல பட்ட அவஸ்தைய சொல்லணும்னுதான் இந்த லெட்டர்.

முதல்ல பார்க்கிங் லைட் ஒயர்லயே ஜாயின்ட் அடிச்சு விட்டேன். ரெண்டே நாள்ல ஃபியூஸ் போச்சு. கழட்டிப் பாத்தா ஒயர் ரேடியேட்டர் ஃபேன் பக்கம் உரசி ரப்பர் தோலே உரிஞ்சு செம்பு பல்ல காட்டிட்டு இருந்துச்சு! அப்புறம்தான் பேட்டரியில இருந்து தனி ஃபியூஸ், ரிலே (கரன்ட்ட தானா ஆன்-ஆஃப் பண்ற சுவிட்ச்) வச்சு, இக்னிஷன் ஆன் பண்ணா மட்டும் எரியுற மாதிரி ஒழுங்கா ஒயரிங் பண்ணேன்.

லைட் வாங்கும்போது கண்ணாடியில ஆர்எல்-னு குறி இருக்கான்னு பாருங்க, ஐநா விதி 87-ன் படி ஒரு லைட்டோட வெளிச்சம் 400ல இருந்து 1200 கேண்டெலாக்குள்ள (வெளிச்சத்த அளக்குற அலகு) இருக்கணும், சும்மா பளபளன்னு வர்ற ஸ்ட்ரிப் எல்லாம் இதுல சேராது. தரையில இருந்து 25 சென்டிமீட்டருக்கு மேல, ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது 60 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டணும். ஹெட்லைட் போட்டா தானா அணையணும், இல்லன்னா ராத்திரி எதிர்ல வர்றவருக்கு கண்ணு கூசும்.

இன்னொண்ணு, டிஆர்எல் மட்டும் எரிஞ்சா பின்னாடி சிவப்பு லைட் எரியாது. முன்னாடி வெளிச்சமா இருக்கேன்னு சாயங்காலம் ஹெட்லைட் போட மறந்து நானே ஒருநாள் ரொம்ப தூரம் ஓட்டிட்டேன், பின்னாடி வந்த லாரிக்காரர் ஹாரன் அடிச்சுதான் எனக்கே தெரிஞ்சுது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்