சூரியகாந்தி வயலில் குழந்தைகள்

ஐயா,

ஆடியில் தென்காசி அருகே சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களுக்குக் குழந்தைகளோடு வருபவர்கள் தயவுசெய்து வரப்போடு நில்லுங்கள். வரிசைக்கு வரிசை இடைவெளி 60 செ.மீ.தான், பிள்ளை உள்ளே ஓடினால் தண்டு முறியும். செடிக்கு ஒரே பூ. அதைக் கிள்ளினால் அந்தச் செடியின் மகசூலே போச்சு.

மலர்ந்து முற்றிய பூ வெயிலோடு திரும்பாது, கிழக்கு பார்த்தே நிற்கும். அதனால் வயலின் கிழக்கு வரப்பில் நின்றால்தான் பூமுகம் தெரியும். காலை 9 மணிக்குள் போவது நல்லது. வெயில் ஏறினால் தேனீ மொய்க்கும். தண்டிலும் இலையிலும் சுணை, அதாவது அரிக்கும் சொரசொரப்பான மயிர், உண்டு. முழுக்கைச் சட்டை போடுங்கள். மருந்து அடித்திருக்கிறதா என்று வயல்காரரிடம் கேட்காமல் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

பூவின் நடுத்தட்டைக் காட்டுங்கள்: விளிம்பிலிருந்து உள்நோக்கி, வட்டம் வட்டமாக விரியும் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள். ஒவ்வொன்றும் ஒரு விதையாகக் கூடியது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, தென்காசி