முதல் பருவத்திலேயே சாதித்தவருக்கு மூன்றாம் ஆண்டு வரை பூட்டு ஏன்? என்.எஃப்.எல். உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய என்.எஃப்.எல். அணி உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லில் பருவத்துக்கு 17 ஆட்டங்கள் என்பதை 18 ஆக்கும் விருப்பத்தை ஆணையர் ராஜர் குடெல் வெளிப்படையாகவே பேசி வருகிறார். உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே இப்போதுள்ள கூட்டு ஒப்பந்தம் 2030 பருவம் வரை நடப்பில் இருப்பதால், சங்கத்தின் ஒப்புதலின்றி அந்த ஓர் ஆட்டத்தைச் சேர்க்க முடியாது. எனவே இரு தரப்பும் பேச்சுவார்த்தைக்கு அமர்ந்தே தீர வேண்டும். அப்போது முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு விதியைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன். டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வில்) தேர்வான புதுமுக வீரரின் ஒப்பந்தத்தை மூன்றாம் பருவத்தின் கடைசி ஆட்டம் முடியும் வரையிலும், தேர்வாகாமல் வந்து சேர்ந்தவரின் ஒப்பந்தத்தை இரண்டாம் பருவத்தின் கடைசி ஆட்டம் முடியும் வரையிலும் யாரும் திருத்தக் கூடாது என்கிறது அந்த விதி. பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்குகளுக்கு இந்தத் தடையை நீக்கி, முதல் பருவம் முடிந்த உடனேயே மறுபேச்சுக்கு அனுமதி அளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கோரிக்கையை இப்போது எழுப்பக் காரணம், ரன்னிங் பேக்குகளின் சம்பளக் குறை தீர்ந்துவிட்டது என்ற பேச்சு எங்கும் கேட்பதுதான். சேக்வான் பார்க்லி 2024இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்காக 2,005 யார்டு ஓடினார், தம் 28ஆவது பிறந்தநாளன்று சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியை வென்றார், அடுத்த மாதமே ஆண்டுக்கு இரண்டு கோடி டாலரைத் தாண்டும் ஒப்பந்த நீட்டிப்பைப் பெற்றார். மகிழ்ச்சி. ஆனால் அது அவருடைய ஏழாவது பருவம். முதல் பருவத்திலேயே 1,307 யார்டு ஓடிச் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருதைப் பெற்றவர் அவர். 2020இல் முழங்கால் தசைநார் கிழிந்து, மீண்டெழுந்து, 2023இல் ஃபிரான்சைஸ் டேக்கில் (ஒப்பந்தம் முடிந்த வீரரை நிர்ணயித்த சம்பளத்தில் ஓராண்டுக்கு அணி தக்கவைக்கும் உரிமையில்) கட்டுண்டு, அணி மாறிய பிறகுதான் அந்தத் தொகையை அவர் கண்டார். ஏழு ஆண்டுகள் தாக்குப்பிடித்த ஒருவரைக் காட்டி, தாக்குப்பிடிக்க முடியாமல் போனவர்களின் கணக்கை முடித்துவிடலாகாது.

அப்படி முடிக்கப்பட்ட கணக்குகளில் ஒன்று ஜேம்ஸ் ராபின்சனுடையது. அவருடைய கதையை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அதன் தேதிகளை யாரும் வரிசையாக வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை என்பதால், அவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

2020 மார்ச்சில் இந்தக் கூட்டு ஒப்பந்தம் 1,019க்கு 959 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அப்போது ராபின்சன் இல்லினாய் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஆடி முடித்துவிட்டு, ஏதேனும் ஓர் அணி தம்மை அழைக்குமா என்று காத்திருந்த இளைஞர். தம்மைக் கட்டுப்படுத்தப்போகும் விதிகள் மீது அவருக்கு வாக்கு இல்லை. ஏப்ரல் டிராஃப்டில் அழைக்கப்பட்ட 255 பெயர்களில் அவர் பெயரும் இல்லை. ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அவரைத் தேர்வாகாதவர்களுக்கான மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. பருவம் தொடங்குவதற்குச் சில நாள்களே இருந்தபோது, 2017 டிராஃப்டில் நான்காவதாக எடுக்கப்பட்ட லியனர்ட் ஃபோர்னெட்டை அணி விடுவித்தது. முதல் ஆட்டத்திலேயே பந்து ராபின்சன் கைக்கு வந்தது.

அந்த அணி அந்த ஆண்டு ஒரே ஓர் ஆட்டத்தில் வென்று 15இல் தோற்றது. எதிரணியின் தடுப்பாளர்கள் பெரும்பாலும் முன்னிலை தந்த நிம்மதியோடு வந்து மோதிய அந்த ஆட்டங்களில், அவர் 14இல் ஆடி, 240 முறை பந்தைச் சுமந்து 1,070 யார்டு ஓடினார். பிடித்த 49 பந்துகளின் 344 யார்டையும் சேர்த்தால் 1,414. டிராஃப்டில் தேர்வாகாத எந்தப் புதுமுக வீரரும் அதற்கு முன் எட்டியிராத அளவு அது. ஓட்டத்தில் அவர் லீக் முழுவதிலும் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஆண்டு புதுமுகங்களுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 610,000 டாலர். சாதாரண மனிதர் எவருக்கும் அது பெருந்தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே 2020இல் கரோலினா பேந்தர்ஸ் தன் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரிக்கு ஆண்டுக்கு 1.6 கோடி டாலர் என்று விலை வைத்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எந்தத் தொகையையும் ராபின்சனுக்குத் தர ஜாக்சன்வில் விரும்பியிருந்தாலும், உங்கள் விதி அதை அனுமதித்திருக்காது.

அணி விரும்பியதா என்பது வேறு கேள்வி. அதற்கு 2021 ஏப்ரலில் விடை கிடைத்தது. முதல் சுற்றின் 25ஆவது வாய்ப்பில் அவர்கள் எடுத்தது இன்னொரு ரன்னிங் பேக், டிராவிஸ் எட்டியென். குலை தள்ளிய வாழையை வெட்டுபவர்கள்கூடக் காய் முற்றும் வரை காத்திருப்பார்கள். எட்டியென் காலில் காயம்பட்டு அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாமல் போகவே, சுமை மீண்டும் ராபின்சன் தோளிலேயே விழுந்தது.

இனி அந்தத் தேதிகளுக்கு வருகிறேன். 2021 டிசம்பர் 26 அன்று, மெட்லைஃப் அரங்கில், நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ராபின்சனின் அக்கிலீஸ் தசைநாண் கிழிந்தது. அவருடைய ஒப்பந்தத்தின் பூட்டு திறக்க வேண்டிய நாள், ஜாகுவார்ஸின் கடைசி ஆட்டம் நடந்த 2022 ஜனவரி 9. இடையில் இருந்தது பதினான்கே நாள். பருவத்தில் 17ஆவது ஆட்டத்தை முதன்முதலாகச் சேர்த்ததும் அந்த ஆண்டுதான். அதனால் பூட்டு திறக்கும் நாள் ஒரு வாரம் தள்ளிப்போனது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 18ஆவது ஆட்டம் வந்தால் பந்தைச் சுமக்கும் நாள்களும் கூடும், பூட்டின் நாள்களும் கூடும்.

எட்டரை மாதங்களில் அவர் களத்துக்குத் திரும்பினார். அந்தக் காயத்திலிருந்து மீள ஓராண்டு ஆகும் வீரர்கள் பலர். ஆனால் 2022இன் முதல் ஆட்டத்திலேயே பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச் டவுன் இரண்டை அவர் எடுத்தார். மூன்றாம் வாரம் சார்ஜர்ஸுக்கு எதிராக 100 யார்டு ஓடினார், அதில் 50 யார்டு ஒரே பாய்ச்சல். அக்டோபரில், டிராஃப்டின் ஆறாம் சுற்று வாய்ப்பு ஒன்றுக்காக, அதுவும் நிபந்தனையோடு, ஜெட்ஸுக்கு அனுப்பப்பட்டார். பிறகு பேட்ரியட்ஸ், ஜயன்ட்ஸ், பேக்கர்ஸ் என்று அலைந்தார். 1,414 யார்டு எடுத்த அந்தப் பருவத்துக்கான விலையைத் தரும் இரண்டாவது ஒப்பந்தம் கடைசி வரை அவருக்கு வரவில்லை. முதல் பருவம் முடிந்ததும் பேச அனுமதி இருந்திருந்தால் வந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதுதான். கேட்கும் உரிமையாவது அவருக்கு இருந்திருக்கும்.

இந்தப் பூட்டு எதற்காகப் போடப்பட்டது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2010இல் முதலாவதாகத் தேர்வான, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்ட், ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன் ஐந்து கோடி டாலர் உத்தரவாதம் பெற்றார். களத்தில் எதையும் நிரூபிக்காதவருக்கு இவ்வளவா என்று உரிமையாளர்களும் மூத்த வீரர்களும் ஒருசேரக் கேட்டதன் விளைவே 2011இன் புதுமுகச் சம்பள வரம்பு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் நிரூபிக்காதவருக்காகச் செய்த பூட்டை நிரூபித்துக் காட்டியவர் மீதும் போட்டது எந்த நியாயத்தில் சேரும்?

அதற்கு முன் நிலைமை இப்படி இருக்கவில்லை. 1995இல் ஆறாம் சுற்றில், 196ஆவது வீரராக டென்வர் பிராங்கோஸுக்கு வந்த டெரல் டேவிஸ் முதல் பருவத்தில் 1,117 யார்டு ஓடினார். இரண்டாம் பருவம் தொடங்கும் முன்பே அணி அவருக்கு 68 லட்சம் டாலருக்கு ஐந்தாண்டுப் புதிய ஒப்பந்தம் தந்தது. 1998இல் அவர் 2,008 யார்டு ஓடினார், அணி இரண்டு சூப்பர் பௌல்களை வென்றது. 1999இல் அவர் முழங்கால் போனது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால், அவர் 1998 ஜனவரியில் சூப்பர் பௌலின் சிறந்த வீரர் விருது பெறும் வரை புதுமுகச் சம்பளத்திலேயே ஓடியிருப்பார். டென்வர் அணி இதனால் திவாலானதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மூன்று ஆண்டுகள் பொறுத்தால் என்ன என்ற கேள்வி மற்ற ஆட்டக்காரர்களுக்குப் பொருந்தலாம். ரன்னிங் பேக்கின் ஆட்ட வாழ்க்கை சராசரியாக மூன்று ஆண்டுகளைக்கூட எட்டுவதில்லை என்று சொல்லி வந்ததே வீரர்கள் சங்கம்தான். டெரிக் ஹென்றி 30 வயதில் 1,921 யார்டு ஓடினார் என்றால், அதை எல்லோரும் வியந்து பேசியதே அவர் விதிவிலக்கு என்பதால்தான். ஜானத்தன் டெய்லர் 2021இல் 1,811 யார்டு ஓடி, இரண்டாம் இடத்தில் இருந்தவரை 552 யார்டு பின்தள்ளினார். அவருடைய பூட்டு திறப்பதற்குள் கணுக்கால் காயத்தோடு இன்னொரு பருவம் கழிந்தது. வேறு அணிக்கு மாற்றிவிடுங்கள் என்று அணியிடம் கேட்கும் நிலைக்கு வந்த பிறகே 2023 அக்டோபரில் அவருக்கு 4.2 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அவருக்குத் தாமதமாகவேனும் கிடைத்தது.

பூட்டு திறந்தவர்களுக்கு அடுத்து காத்திருப்பது ஃபிரான்சைஸ் டேக். ரெய்டர்ஸ் அணி தன் ரன்னிங் பேக் ஜாஷ் ஜேக்கப்ஸின் புதுமுக ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமையை வேண்டாமென்று சொன்ன 2022இலேயே அவர் 1,653 யார்டு ஓடி லீக்கில் முதலிடம் பெற்றார். பரிசாக, ஓராண்டு டேக். ரன்னிங் பேக் டேக்கின் மதிப்பு 2015இல் 1.095 கோடி டாலர், 2023இல் 1.009 கோடி. அதே எட்டு ஆண்டுகளில் அணிகளின் சம்பள உச்சவரம்பு 14.3 கோடியிலிருந்து 22.5 கோடியாக வளர்ந்திருந்தது. ஆட்டம் வளர்ந்தது, வருவாய் வளர்ந்தது, பந்தைச் சுமப்பவரின் விலை மட்டும் குறைந்தது. இதை எந்தப் பொருளாதாரம் விளக்குகிறதோ, உங்கள் கணக்காளர்கள் அறிவார்கள். வீரர் சங்கத்தின் அப்போதைய தலைவர் காயங்களைப் பற்றி ஒரு பேட்டியில் பேசியதற்கு, காயம்பட்டதுபோல் நடிப்பதற்கு ஊக்கமளிக்கிறார் என்று லீக் சச்சரவு தீர்க்கும் நடுவரிடம் முறையிட்டு வென்றது. நடிக்காத காயங்களுக்கு முறையிடத்தான் இடம் இல்லை.

ராபின்சன் காயப்பட்டது செயற்கைத் தரையில். அதுதான் காரணம் என்று சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஆனால் வீரர்கள் பல ஆண்டுகளாகப் புல்தரை கேட்டும் அசையாதவர்கள், 2026 உலகக் கோப்பை கால்பந்துக்கு அதே மெட்லைஃப் அரங்கில் இயற்கைப் புல் என்றதும் உடனே ஒப்புக்கொண்டார்கள். விருந்தினருக்குப் புல், வீட்டாருக்குப் பிளாஸ்டிக். மன்னிக்கவும், இது இந்த மடலின் பொருள் அன்று. நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான்.

அந்த ஒன்றிலும் நான் கேட்பது கட்டாயம் அல்ல, அனுமதி. எந்த உரிமையாளரையும் ஒரு டாலர் கூட்டித் தரச் சொல்லவில்லை. தர விரும்பும் உரிமையாளரின் கைகளையும் இந்த விதி கட்டியிருக்கிறது. தர மனமில்லாதவருக்கோ, ‘எங்களுக்கு ஆசைதான், விதி விடவில்லை’ என்று சொல்ல வசதி செய்து கொடுத்திருக்கிறது. செயல்திறன் அடிப்படையிலான கூடுதல் தொகை ஏற்கெனவே உண்டே என்பீர்கள். அது லீக் நிதியிலிருந்து பகிரப்படும் ஊக்கத்தொகை, அடுத்த ஆண்டுக் காயத்துக்கு எந்த உத்தரவாதமும் தராது. நான்காம் ஆண்டில் கிடைக்கும் உயர்வோ, மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வரும் ராபின்சன் போன்றவர்களுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.

சங்க நிர்வாகிகளுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். 2011இல் புதுமுகங்களின் பங்கைக் குறைத்து மூத்தவர்களுக்குச் சேர்த்தபோதும், 2020இல் அதே பூட்டைத் தொடர்ந்தபோதும், அந்தப் புதுமுகங்கள் உங்கள் உறுப்பினர்களாகவே இருக்கவில்லை. இல்லாதவர்களின் பணத்தை விட்டுக்கொடுப்பது எளிது. 18ஆவது ஆட்டத்துக்கு நீங்கள் கேட்கப்போகும் விலையில், இன்று கல்லூரிகளில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வரி இருக்கட்டும்.

ஆகவே, 18 ஆட்டப் பருவம் பற்றிய பேச்சுவார்த்தையின் நிகழ்ச்சி நிரலில் இந்தத் திருத்தத்தை முதல் பொருளாகச் சேர்த்து, ரன்னிங் பேக்குகளின் ஒப்பந்தங்களை, டிராஃப்டில் தேர்வானவராயினும் தேர்வாகாதவராயினும், முதல் பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாளிலிருந்தே திருத்திக்கொள்ள அனுமதி அளிக்குமாறு மீண்டும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதாக இருந்தால், அதற்கான காரணத்தையாவது பொதுவில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டங்களை நெடுங்காலமாகப் பார்த்து வரும் ஒரு ரசிகன்